பிரிட்டனின் அமைச்சரவைச் செயலர்: ஜெரமி ஹேவுட்டின் பணிவாழ்வு வழியே ஒரு விளக்கம்

லண்டனில் ஒரு பிரதமர் சிக்கலில் மாட்டும்போதெல்லாம், தேர்தலில் நிற்காத, எந்தக் கட்சியிலும் இல்லாத ஒருவரின் பெயர் செய்தியில் அடிபடும். "அமைச்சரவைச் செயலர் விசாரிக்கிறார்", "அமைச்சரவைச் செயலர் கோப்புகளைத் தர மறுத்துவிட்டார்" என்று வரும். அவர் யார், யாருக்குக் கட்டுப்பட்டவர், பிரதமரையே விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற குழப்பம் வருவது இயல்புதான். பிரிட்டனுக்கு ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் இல்லை. அதனால் புத்தகத்தைப் புரட்டி இதற்கு விடை காண முடியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரின் பணிவாழ்வைத் தொடர்ந்து பார்ப்பது சுலபமான வழி.

அதற்கு ஜெரமி ஹேவுட்டைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1961 டிசம்பர் 31-ல் டெர்பிஷயரின் கிளாசப் ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் படித்தவர். நார்மன் லமான்ட், கென்னத் கிளார்க், கார்டன் பிரவுன் ஆகிய மூன்று நிதியமைச்சர்களின் கீழும், பிளேர், பிரவுன், கேமரன், தெரசா மே ஆகிய நான்கு பிரதமர்களின் கீழும் வேலை பார்த்தார். கன்சர்வேடிவ், லேபர் என்ற இரண்டு கட்சிகளுக்கும் அவர் வேண்டியவராகவே இருந்தார். அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் அதிகாரப்பூர்வ அறிக்கை அவர் பெயரைச் சுட்டிக் குறை சொன்னது. இரண்டுக்கும் காரணம் அவர் வேலை செய்த விதம்தான்.

முதலில் சில பதவிகள்

1. குடிமைப் பணியாளர். ஆட்சி மாறினாலும் மாறாத அரசு ஊழியர். அரசுப் பணி செல்வாக்கால் கிடைக்கக் கூடாது, போட்டித் தேர்வால் கிடைக்க வேண்டும் என்று 1854-ல் நார்த்கோட்–டிரெவெல்யன் அறிக்கை பரிந்துரைத்தது. நேர்மை, உண்மை, புறவயம், நடுநிலை என்ற நான்கு நெறிகளும் சட்டமானது 2010-ல்தான். இடைப்பட்ட 156 ஆண்டுகளும் மரபை வைத்தே ஓட்டினார்கள். (அறிக்கையை எழுதிய சார்லஸ் டிரெவெல்யன் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கல்கத்தா அரசின் வருமான வரித் திட்டத்தை எதிர்த்துத் தான் எழுதிய குறிப்பைப் பகிரங்கப்படுத்தியதற்காக மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். வாய் திறக்காத அதிகாரி என்ற இலக்கணத்தை வகுத்தவருக்கே அது கைவரவில்லை.)

2. நிரந்தரச் செயலர். ஒவ்வொரு துறையிலும் அமைச்சருக்கு அடுத்து நிற்கும் தலைமை அதிகாரி. அமைச்சரின் பதவிப்பெயரிலும் 'செயலர்' என்று வரும். நிரந்தரச் செயலர் அமைச்சர் அல்ல. துறையின் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

3. தனிச் செயலர். அமைச்சரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு காகிதத்தையும் வெளியே வரும் ஒவ்வொரு முடிவையும் கையாளும் இளம் அதிகாரி. இவர்களில் மூத்தவர் தலைமைத் தனிச் செயலர்.

4. சிறப்பு ஆலோசகர். அமைச்சர் தாமே தேர்ந்தெடுக்கும் அரசியல் ஆள். சம்பளம் அரசு தரும். நடுநிலை விதி இவருக்குப் பொருந்தாது. அமைச்சர் போனால் இவரும் போக வேண்டும்.

5. அமைச்சரவைச் செயலர். அமைச்சரவைக் கூட்டத்தில் பிரதமருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து முடிவுகளைப் பதிவுசெய்பவர். பிரதமரின் மூத்த கொள்கை ஆலோசகர். 1980-களிலிருந்து பெரும்பாலும் உள்நாட்டுக் குடிமைப் பணி முழுவதற்கும் தலைவர்.

1916: குறிப்பெடுக்க ஒருவர்

முதல் உலகப் போரின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் அமைச்சரவைக்கு நிகழ்ச்சி நிரலும் இல்லை, குறிப்பேடும் இல்லை. கூட்டம் முடிந்ததும் பிரதமர் மன்னருக்கு எழுதும் கடிதம்தான் ஒரே பதிவு. என்ன முடிவெடுத்தோம் என்று அமைச்சர்களுக்கே தெளிவில்லாமல் போனதுண்டு. 1916 டிசம்பரில் பிரதமரான லாய்ட் ஜார்ஜ், மாரிஸ் ஹாங்கி என்பவரைப் போர் அமைச்சரவையின் செயலராக்கினார். ஹாங்கி 1938 வரை அந்த இடத்திலேயே இருந்தார்.

இந்தப் பதிவுகளில் யார் யாரோடு சண்டை போட்டார் என்பது பொதுவாக இருக்காது. என்ன முடிவானது, யார் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் இருக்கும். முடிவை எழுதுபவர்தான் அது நடந்ததா என்று பின்தொடர்கிறார். இரண்டு துறைகள் முட்டிக்கொண்டால் நடுவில் உட்காருகிறார். குறிப்பெடுக்கும் வேலையிலிருந்துதான் இந்தப் பதவியின் அதிகாரம் முழுவதும் கிளைத்தது. அந்த வரிசையில் ஹேவுட் 11-வது ஆள்.

சிவப்புப் பெட்டியும் கருப்புப் புதன்கிழமையும்

ஹேவுட் 1983-ல் பணியிடப் பாதுகாப்பு ஆணையத்தில் பொருளியலராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே கருவூலத்துக்கு, அதாவது நிதியமைச்சகத்துக்கு மாறினார். இடையில் வாஷிங்டனில் பன்னாட்டு நிதியத்திலும் இருந்தார். முப்பது வயதையொட்டி நிதியமைச்சர் லமான்டின் தலைமைத் தனிச் செயலரானார். வைட்ஹாலில், அதாவது லண்டன் அரசுத் துறைகளில், மேலே போகிறவர்கள் பலர் இந்தப் படியில் கால் வைத்தவர்கள்தான். ஏன் என்பதற்கு அந்த அறையின் அன்றாட வேலையைப் பார்க்க வேண்டும்.

துறை அதிகாரிகள் ஒரு முடிவு வேண்டுமென்றால் 'சமர்ப்பிப்பு' என்ற குறிப்பை எழுதுவார்கள்: பிரச்சினை என்ன, எத்தனை வழிகள் உண்டு, பரிந்துரை எது, எப்போதைக்குள் பதில் வேண்டும். அது நேராக அமைச்சரிடம் போகாது. தனிச் செயலர் படித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் மேலே ஒரு சிறு உறைக்குறிப்பு வைத்து மாலையில் சிவப்புப் பெட்டியில் போடுவார். அமைச்சர் இரவில் ஓரத்தில் கிறுக்கியதை, காலையில் முறையான ஆணையாக எழுதித் துறைக்கு அனுப்புவதும் அவரே. அமைச்சரின் அலுவல் தொலைபேசி உரையாடல்களை இன்னொரு இணைப்பில் கேட்டுக் குறிப்பெடுப்பதும் அந்த அறையின் வழக்கம். ஆணையிடும் அதிகாரம் தனிச் செயலருக்குத் துளியும் கிடையாது. ஆனால் எது எப்போது உள்ளே போகும், வெளியே வந்ததற்கு என்ன பொருள் என்பது அவர் கையில்.

1992 செப்டம்பர் 16 அன்று, பிற்பாடு 'கருப்புப் புதன்கிழமை' எனப்பட்ட நாளில், நாணய மதிப்புகளைக் குறுகிய வரம்புக்குள் கட்டிவைத்த ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டில் பவுண்டைக் காப்பாற்ற முடியாமல் அரசு திணறியபோது ஹேவுட் அந்த நாற்காலியில் இருந்தார். காலையில் வட்டி 10 சதவீதத்திலிருந்து 12 ஆனது. பிற்பகலில் மறுநாள் முதல் 15 என்றார்கள். மாலையில் பவுண்டு வெளியேறியது. அன்றைய இழப்பு சுமார் 330 கோடி பவுண்டு என்பது கருவூலத்தின் பிற்கால மதிப்பீடு. லமான்டின் சிறப்பு ஆலோசகராக அப்போது அதே அலுவலகத்தில் இருந்த இளைஞர் டேவிட் கேமரன். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர் பிரதமராக உள்ளே வந்தபோது ஹேவுட் அவருக்குப் புதிய ஆள் அல்ல.

லமான்ட் போய் கிளார்க் வந்தார், 1997-ல் ஆட்சியே மாறிப் பிரவுன் வந்தார். ஹேவுட் கருவூலத்தில் தொடர்ந்தார். மரபு எதிர்பார்ப்பது இதைத்தான். 1985-ல் அப்போதைய அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் எழுதிய குறிப்பு இந்த நிலைப்பாட்டைத் தெளிவாக்கியது: குடிமைப் பணியாளர் அரசியாரின் ஊழியர், நடைமுறையில் அரசியார் என்பது அன்றைக்கு ஆளும் அரசு. எனவே அந்த அரசின் நலனுக்கு அப்பாற்பட்ட ஒரு தனி நிலை அதிகாரிக்குக் கிடையாது.

டவுனிங் தெரு: 17 கூட்டம், 3 பதிவு

1999-ல் டவுனிங் தெருவுக்கு, அதாவது பிரதமர் அலுவலகத்துக்கு, வந்து பிளேரின் தலைமைத் தனிச் செயலரானார். பிளேருக்கும் பிரவுனுக்கும் இடையே பேச்சுவார்த்தையே கடினமாக இருந்த காலம் அது. கருவூலத்திலிருந்து வந்தவர் என்பதால் இரண்டு பக்கமும் பேச முடிந்த சிலரில் ஹேவுட்டும் ஒருவர்.

1997-ல் பிளேர் ஒரு சிறப்பு ஏற்பாட்டின் மூலம் தம் அலுவலகத்தின் அரசியல் ஆலோசகர்களில் மூவர் வரை அதிகாரிகளுக்கு ஆணையிடலாம் என்று ஆக்கியிருந்தார். (2007-ல் பிரவுன் இதை ரத்து செய்தார்.) முடிவுகள் அமைச்சரவை மேசையில் இல்லாமல் சிறு குழுக்களில், சோஃபாவில் உட்கார்ந்து எடுக்கப்பட்டன. 2003-ல், ஈராக் ஆயுதங்கள் பற்றிய பி.பி.சி. செய்திக்கு மூலம் என்று பெயர் வெளியான பின் இறந்த ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லியின் மரணத்தை ஆராய்ந்த ஹட்டன் விசாரணையில் அதன் விளைவு தெரிந்தது. பிரதமர் அலுவலகத்தில் ஒரு நாளில் சராசரியாக 17 கூட்டம் நடந்தால் மூன்றுக்குத்தான் எழுத்துப் பதிவு இருக்கும் என்று பிளேரின் அலுவலகத் தலைவர் ஜொனத்தன் பவல் சாட்சியம் சொன்னார். கெல்லியின் பெயர் தொடர்பான முக்கியக் கூட்டங்களுக்குக் குறிப்பு இல்லை. குறிப்பு எடுத்திருக்க வேண்டியது தனிச் செயலரின் அறை.

மறு ஆண்டு, ஈராக் ஆயுதங்கள் பற்றிய உளவுத் தகவலை ஆராய்ந்த முன்னாள் அமைச்சரவைச் செயலர் ராபின் பட்லரின் அறிக்கை இந்த முறைசாராத் தன்மையையே குறை கூறியது. பட்லர் சொன்னதை வெறும் சம்பிரதாயப் பற்று என்று ஒதுக்க முடியாது. குறிப்பு இல்லையென்றால் முடிவு எடுத்தவர்களுக்குள்ளேயே மூன்று நினைவுகள் இருக்கும்; கூட்டத்துக்கு வராத துறை எதைச் செயல்படுத்துவது என்று தெரியாமல் நிற்கும்.

வங்கிக்குப் போய்த் திரும்பியது

2004 முதல் 2007 வரை மார்கன் ஸ்டான்லி முதலீட்டு வங்கியில் இருந்தார். பிரவுன் பிரதமரானதும் திரும்பி வந்து, 2008 தொடக்கத்தில் மீண்டும் தலைமைத் தனிச் செயலர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வங்கிகள் கவிழும் நிலைக்கு வந்தன. ஆர்.பி.எஸ்., லாயிட்ஸ், எச்.பி.ஓ.எஸ். ஆகிய வங்கிகளுக்கு 3,700 கோடி பவுண்டு அரசு மூலதனம் போனது. வங்கியின் உள்வேலை தெரிந்த ஓர் அதிகாரி பிரதமரின் அறை வாசலில் இருந்தது அந்த வாரங்களில் பயன்பட்டது. வெளியில் போய்த் திரும்புவதன் ஆதாயம் அது. அந்த மூன்றாண்டில் கிடைத்த ஓர் அறிமுகம் வேறு விதமாகத் திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

2010-ல் கன்சர்வேடிவ் கேமரனும் லிபரல் டெமாக்ரட் நிக் கிளெக்கும் சேர்ந்த கூட்டணி அரசு அமைந்தபோது அவர் டவுனிங் தெருவின் நிரந்தரச் செயலராக்கப்பட்டார். அதுவரை அப்படி ஒரு பதவியே இல்லை.

ஒரு பதவியை மூன்றாக உடைத்தால்

2012 ஜனவரி 1-ல் கஸ் ஓ'டானலுக்குப் பின் ஹேவுட் அமைச்சரவைச் செயலரானார். அப்போது பதவி மூன்றாகப் பிரிக்கப்பட்டது: கொள்கையும் அமைச்சரவையும் ஹேவுட்டிடம், குடிமைப் பணித் தலைமை பாப் கெர்ஸ்லேக்கிடம், அமைச்சரவை அலுவலக நிர்வாகம் இயன் வாட்மோரிடம்.

காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. நடைமுறையில் மூன்று ஓட்டைகள். கெர்ஸ்லேக் உள்ளாட்சித் துறையின் நிரந்தரச் செயலராகவும் நீடித்ததால், 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தலைமை அவருக்குப் பகுதிநேர வேலையானது. அவர் உட்கார்ந்த இடம் பிரதமரின் அறையிலிருந்து தள்ளி. ஹேவுட்டோ இணைப்புக் கதவைத் திறந்தால் டவுனிங் தெருவுக்குள். எந்த நிரந்தரச் செயலரும் தன் அமைச்சரோடு சிக்கல் வந்தால் யாரிடம் போவார்? பிரதமரின் காது யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான். 2014 செப்டம்பரில் குடிமைப் பணித் தலைமையும் ஹேவுட்டிடமே வந்தது. நிர்வாகத்தைக் கவனிக்க ஜான் மன்சோனி தலைமைச் செயல் அதிகாரியானார்.

அந்த நாற்காலியில் என்ன வேலை வரும்?

விசாரணை. 2012-ல் டவுனிங் தெரு வாயிற்கதவில் காவலர்களோடு ஏற்பட்ட தகராறில் ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல் பதவி இழந்தார். நேரில் பார்த்ததாக ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலையும் கேமராப் பதிவையும் பார்க்கும்படி கேமரன் ஹேவுட்டைக் கேட்டார். இரண்டும் பொருந்தவில்லை என்று கண்டவர், அதற்கு மேல் போகவில்லை. அந்த மின்னஞ்சலை அனுப்பியவர் சம்பவத்தைப் பார்க்கவே இல்லாத ஒரு காவலர். 2014-ல் சிறைக்குப் போனார். ஹேவுட்டின் விசாரணை குறுகியது என்று நாடாளுமன்றக் குழு சொன்னது நியாயமே. ஆனால் கோளாறு அமைப்பிலும் இருக்கிறது: சாட்சியை வரவழைக்கும் சட்ட அதிகாரம் அமைச்சரவைச் செயலருக்கு இல்லை. பிரதமர் கேட்டதை மட்டும் பார்க்கலாம். முடிவைப் பிரதமரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தூது. 2013-ல், எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட உளவு ஆவணங்கள் விவகாரத்தில் கார்டியன் நாளிதழின் ஆசிரியரை நேரில் போய்ப் பார்த்தவர் ஹேவுட். அதன் முடிவாக ஜூலை 20 அன்று பத்திரிகை அலுவலகத்தின் அடித்தளத்தில், ஜி.சி.எச்.க்யூ. உளவு அமைப்பின் தொழில்நுட்பர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஊழியர்கள் கணினி வட்டுகளைத் துளையிட்டும் அறுத்தும் அழித்தார்கள். நகல்கள் வெளிநாட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

காவல். முந்தைய அரசின் உள் ஆவணங்களைப் புதிய அரசின் அமைச்சர்கள் பார்க்கக் கூடாது என்பது மரபு. அவற்றுக்குப் பொறுப்பு அமைச்சரவைச் செயலர். அதனால்தான் ஈராக் போரை ஆராய்ந்த சில்காட் குழு, பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்புகளை வெளியிட விரும்பியபோது கேமரனோடு பேரம் பேசவில்லை. முதலில் ஓ'டானலோடும் பிறகு ஹேவுட்டோடும் பேசியது. 2014 மே மாதத்தில்தான் உடன்பாடு வந்தது. தாமதத்துக்கு ஹேவுட் நிறைய திட்டு வாங்கினார்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற்றம் (பிரெக்ஸிட்). 2016 வாக்கெடுப்பில் வெளியேறும் தரப்பு வென்றால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டமிடக் கூடாது என்று கேமரன் அரசு சொல்லியிருந்தது. நடுநிலை விதிப்படி அதிகாரிகளால் அதை மீற முடியாது. விளைவு: ஜூன் 23-க்குப் பின் மூன்றே வாரத்தில் ஒரு புதிய துறையை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

அதிகாரி "முடியாது" என்று சொல்வது எப்படி

அதிகாரி அமைச்சரைத் தடுக்க முடியாது. எழுத வைக்க முடியும். படிகள் இவை:

1. நிரந்தரச் செயலர் துறையின் கணக்குப் பொறுப்பு அதிகாரி. ஒரு செலவு சட்டப்படி சரியா, முறையானதா, போட்ட காசுக்குப் பலன் உண்டா, நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.
2. ஏதாவது ஒன்றில் தேறாவிட்டால் அமைச்சருக்கு எழுதி, எழுத்தில் ஆணை கேட்க வேண்டும்.
3. அமைச்சர் ஆணை கொடுத்தால் செலவு செய்தே ஆக வேண்டும். பொறுப்பு அமைச்சரின் தலையில்.
4. கடிதங்களின் நகல் தலைமைத் தணிக்கையாளருக்கும், அவர் வழியாக நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகும்.

2015 ஜூனில் 'கிட்ஸ் கம்பெனி' என்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டு தர அமைச்சர்கள் விரும்பினார்கள். அமைச்சரவை அலுவலகத்தின் நிரந்தரச் செயலர் ரிச்சர்ட் ஹீட்டன் எழுத்தில் ஆணை கேட்டார், ஆணை வந்தது, பணம் போனது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிறுவனம் மூடப்பட்டது. பணத்தைக் காப்பாற்ற இந்த முறை உதவவில்லை. யார் முடிவு அது என்பதில் மட்டும் சந்தேகம் மிஞ்சவில்லை.

கிரீன்சில்: காகிதம் இல்லாத நியமனம்

மார்கன் ஸ்டான்லியில் ஹேவுட் இருந்த காலத்தில் அங்கே லெக்ஸ் கிரீன்சில் என்ற ஆஸ்திரேலியரும் இருந்தார். 2012 வாக்கில் கிரீன்சில் அமைச்சரவை அலுவலகத்தில் சம்பளமில்லா ஆலோசகராக உள்ளே வந்தார். அவர் கொண்டுவந்த யோசனை 'வழங்கல் சங்கிலி நிதி': மருந்துக்கடை அரசுக்குக் கொடுக்கும் பில்லை, ஒரு நிதி நிறுவனம் சிறு கழிவு பிடித்துக்கொண்டு உடனே தீர்க்கும்; அரசு பின்னால் அந்த நிறுவனத்துக்குக் கட்டும். நாட்டிலேயே மலிவாகக் கடன் வாங்கக்கூடியது அரசு. பில்லை அதுவே சீக்கிரம் கொடுத்துவிட்டால் இடையில் ஒருவருக்கு வேலையே இல்லை என்பதுதான் இதன் அடிப்படை ஓட்டை.

கிரீன்சில் கேபிட்டல் 2021 மார்ச்சில் நொடித்தது. அதற்குள் கேமரன் அந்த நிறுவனத்தின் ஆலோசகராகி, அதற்காக அமைச்சர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது வெளிவந்து பெரிய விவகாரமானது. அரசு நியமித்த வழக்கறிஞர் நைஜல் போர்ட்மன் 2021 ஜூலையில் தந்த அறிக்கை, கிரீன்சில் அரசுக்குள் இடம் பெற்றதற்கு முதன்மைப் பொறுப்பு ஹேவுட் என்றது. இறந்தவர் பதில் சொல்ல முடியாதபோது பழியை அவர்மேல் போடுகிறார்கள் என்று அவர் மனைவி எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் வலு உண்டு: உள்ளே வந்தவருக்கு நாற்காலியும் பதவிப்பெயரும் தொடர்ந்து கொடுத்த அமைச்சர்களும் அதிகாரிகளும் பலர்.

என் பார்வையில் கோளாறு நட்பில் இல்லை. ஹேவுட்டின் பலமே, தெரிந்த ஆளைக் கூப்பிட்டு வேலையை முடிப்பதுதான். 2008-ல் அதே பழக்கத்தை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் யார் கேட்டு வந்தார், எந்த நிறுவனத்தின் நலனைக் கையில் வைத்திருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால், அடுத்து வந்த எந்த அதிகாரியும் அதைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கலாம்.

அவருக்குப் பின்

2017-ல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகும் ஹேவுட் ஓராண்டு வேலை பார்த்தார். 2018 அக்டோபர் 24-ல் ஓய்வு. நவம்பர் 4-ல் 56 வயதில் மரணம்.

பின்வந்தவர்களுக்குப் பதவி இன்னும் வழுக்கலானது. மார்க் செட்வில் 2020-ல் பாதியில் விலகினார். கோவிட் ஊரடங்கின்போது அரசு அலுவலகங்களில் நடந்த விருந்துகளை விசாரிக்கத் தொடங்கிய சைமன் கேஸ், தன் அலுவலகத்திலேயே ஒரு விருந்து நடந்தது தெரியவர ஒதுங்கினார். அந்த வேலை சூ கிரே என்ற மூத்த அதிகாரியிடம் போனது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு வந்தவுடனே கருவூல நிரந்தரச் செயலர் டாம் ஸ்காலரை நீக்கியது. அமைச்சர் அதிகாரியை நேரடியாக வேலையை விட்டு அனுப்புவது மரபில் இல்லை. ஆனால் இந்த ஆளோடு வேலை செய்ய மாட்டேன் என்று சொன்னால் நடைமுறையில் அதுவே போதும்.

பதிவு விஷயத்தில் சோஃபாவின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டது. கோவிட் விசாரணைக் குழு போரிஸ் ஜான்சனின் செய்திகளை முழுதாகக் கேட்டபோது, அமைச்சரவை அலுவலகம் தர மறுத்து நீதிமன்றம் போய் 2023 ஜூலையில் தோற்றது. அதற்குச் சில மாதம் முன், மார்ச்சில், அதே அலுவலகம் புதிய வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டிருந்தது: அரசு முடிவு சம்பந்தமான முக்கியச் செய்தி கைபேசியில் வந்தால் அதை அலுவலகக் கோப்புக்கு மாற்ற வேண்டும். எது முக்கியம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு, கைபேசியை வைத்திருப்பவரிடமே விடப்பட்டுள்ளது.